ஒரே ஒரு முகத்துக்கு

என் வீட்டுக்காரருக்கு இருப்பது ஒரே ஒரு முகம். இதை நான் அவரிடம் அன்பாகச் சொல்லிப் பார்த்தேன், அதட்டிச் சொல்லிப் பார்த்தேன், சாப்பாடு போடும்போது தட்டை டொங்கென்று வைத்தும் சொல்லிப் பார்த்தேன்.

"ஒரு முகத்துக்கு எத்தனை ரேசருங்க வேணும்?"

"முகம் ஒண்ணுதாம்மா. ஆனா தாடி தினமும் புதுசா இல்ல முளைக்குது!"

இப்படிப் பதில் சொல்கிற மனுஷனை என்ன செய்வது? அடிக்கவா முடியும்?

ஆரம்பித்தது சிக்கனத்தில்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவர் ஒரு மருந்துக் கிடங்கில் இருப்பு எழுதுகிற குமாஸ்தா. எது வந்தது, எது போனது, எது காலாவதி ஆகப்போகிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு நாள் கடையிலிருந்து கொதித்துக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் ரேசரில் மாட்டுகிற தலையின் விலை மறுபடி ஏறிவிட்டதாம். "பகல் கொள்ளைம்மா! இத்தனூண்டு தகரத்துக்கு இவ்வளவு விலையா?" என்று குதித்தார். அடுத்த வாரமே கனமான இரும்பு ரேசர் ஒன்று, மெல்லிசான பிளேடு ஒரு கட்டு, வட்ட சோப்பு, ஒரு பிரஷ் என்று வாங்கி வந்தார். சோப்பை பிரஷ்ஷால் கலக்கி, நுரையை முகமெல்லாம் அப்பிக்கொண்டு, குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்து எனக்குக் கணக்குச் சொன்னார்.

"இந்தக் கட்டு ஒரு வருஷம் வரும். சோப்பு ஆறு மாசம் வரும். ரேசர் நான் சாகுற வரைக்கும் வரும். மிச்சமாகுற காசுல உனக்கு ஓவர்லாக் மெஷின்."

ஓவர்லாக் மெஷின் என்றால் துணியின் ஓரம் பிரியாமல் நூலால் கட்டிக் கொடுக்கிற தையல் மெஷின். நான் வீட்டில் வைத்துத் தைக்கிறவள். என்னிடம் இருப்பது சாதாரண மெஷின்தான். ஓரம் கட்ட வேண்டிய ஒவ்வொரு துணியையும் எதிர்க்கடைத் தையற்காரரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவர் மனசு வைக்கிறபோது ஓட்டித் தருவார். ஓட்டிக்கொண்டே, "இது யாரு துணி? எவ்வளவு பேசினீங்க?" என்று வாயைக் கிளறுவார். நான் யாரென்று சொன்னால், அடுத்த மாதம் அந்த யாரோ அவர் கடையில் நிற்பார். அதனால் அந்த மெஷின் எனக்கு வெறும் ஆசை இல்லை. அதுதான் என் பிழைப்பு.

அவர் கணக்கு தப்பே இல்லை. அந்த ஒரு ரேசர், அந்த ஒரு சோப்போடு நின்றிருந்தால் மெஷின் எப்போதோ வந்திருக்கும். ஆனால் இரண்டாவது ரேசர் வந்தது. "இது கொஞ்சம் மிருதுவா வெட்டும்." மூன்றாவது வந்தது. "இது பழசு, இப்ப கிடைக்காது." பிறகு சோப்புகள். எலுமிச்சை வாசனை, தோல் வாசனை, மழை பெய்த மண் வாசனை. மண் வாசனைக்கு எதற்குங்க காசு? மாடி ஏறி வரும் செருப்பில் இல்லையா? பிறகு பிரஷ்கள். ஒன்று குதிரை முடி, ஒன்று பன்றி முடி, இன்னொன்று நான் பெயர்கூடக் கேட்டிராத ஏதோ ஒரு பிராணி. அந்தப் பிராணி இவருக்கு என்ன துரோகம் செய்ததோ.

அவருடைய போனில் இதற்கென்று ஒரு குழு இருந்தது. வயசான ஆம்பிளைகள் காலையில் எழுந்ததும் நுரை வைத்த கிண்ணத்தைப் படம் எடுத்துப் போடுவார்கள். மற்றவர்கள் ஆகா ஓகோ என்பார்கள். அங்கே நான் 'உள்துறை'. 'உள்துறைக்குத் தெரியாம ஒண்ணு வாங்கிட்டேன்' என்று இவர் எழுதியதை நானே பார்த்தேன். என் தம்பி அவரை 'நுரை மாமா' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டான். இவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கும்.

ஒருமுறை நான் அழுதேவிட்டேன். எதிர்க்கடைக்காரர் என்னுடைய இரண்டு வாடிக்கையை ஒரே வாரத்தில் இழுத்துக்கொண்ட சமயம் அது. இவர் துடித்துப் போனார். பொய் இல்லை, நிஜமாகவே துடித்தார். "எல்லாத்தையும் வித்துடறேன்மா, இன்னைக்கே" என்று ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு அந்தக் குழுக்காரர்கள் கூடுகிற இடத்துக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது பை அதே கனம் இருந்தது. விற்கப் போனவர் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். "ஒரு பைசா செலவில்லம்மா, எல்லாம் பண்டமாத்து" என்றார் பெருமையாக. நான் சிரித்தேன். அழுதால் இன்னொரு பை தூக்குவார் என்று பயமாக இருந்தது.

இடம் போதாமல் போனதும் கிடங்கில் கழித்துப் போட்ட இரும்பு ரேக் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். ஆள் உயரம், ஐந்து தட்டு, அடியில் சக்கரம். அதைக் கொண்டுபோய்க் குளியலறைச் சுவரோரம் நிறுத்தினார். எங்கள் குளியலறை ஒரு ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடலாம், அவ்வளவுதான். ரேக் வந்த பிறகு பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். ரேக்கில் கிடங்கு முறைப்படி அடுக்கினார். முதலில் வந்தது முதலில் தீர வேண்டும், புதுசு பின்னால் போக வேண்டும். தினமும் காலையில் முன்னால் இருப்பதை எடுத்து சவரம் செய்துவிட்டு, பின்னால் புதுசு ஒன்று வாங்கி வைப்பார். அந்த வரிசை தீரவே தீராது. அவர் நூறு வயது இருந்தாலும் தீராது.

நான் கத்தாத நாளில்லை. அக்கம்பக்கத்தில் எனக்கு வாய்க்காரி என்றே பேர். "உன் வாய்க்கு அந்த மனுஷன் எப்படித்தான் குடும்பம் நடத்துறாரோ" என்பார்கள். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

இனி அந்தக் காலையைச் சொல்கிறேன்.

ஒரு பள்ளிக்கூடத்தின் நிர்வாகி அம்மா பிள்ளைகளுக்குச் சீருடை தைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். மாதிரிக்கு ஒரு சட்டை தைத்து வைக்கச் சொன்னார். "காலையில வண்டியோட வர்றேன். சட்டை பிடிச்சிருந்தா அப்படியே உங்களைக் கூட்டிட்டுப் போறேன். பிள்ளைங்களுக்கு அளவு எடுத்துடலாம், முன்பணமும் குடுத்துடறேன். எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கு." அந்த முன்பணத்தில் மெஷின் வாங்கிவிடலாம். பள்ளிக்கூடம் முழுவதும் வருஷா வருஷம் என்னிடம் வரும். எந்த முகத்திலிருந்தும் எதையும் மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை. நான் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

காலையில் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்தால் காலர் ஓரத்தில் மெஷின் எண்ணெய், ஒரு சொட்டு. சட்டையோடு குளியலறைக்கு ஓடினேன். கதவைச் சாத்தினேன், அதைச் சாத்தினால்தான் உள்ளே நிற்கவே இடம் கிடைக்கும். துணி சோப்பு தீர்ந்திருந்தது. சவர சோப்பு மட்டும் தீராமல் இருந்தது. சரி, இவற்றுக்கு ஒரு உபயோகமாவது இருக்கட்டும் என்று கீழ்த்தட்டிலிருந்து ஒரு டப்பாவை வெடுக்கென்று இழுத்தேன்.

ரேக் நகர்ந்தது.

அன்றைக்கு அவருக்கு மதிய வேலை. காலையில் தண்ணீர் போகாமல் தேங்கியிருக்கிறது. தேங்காமல் என்ன செய்யும், இத்தனை நுரையும் முடியும் அந்த ஓட்டையில்தானே போகிறது. சுத்தம் செய்வதற்காகச் சக்கரத்தின் பூட்டை விடுவித்து ரேக்கைத் தள்ளியிருக்கிறார், கதவுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர் ஓட்டையின் மூடியைக் கழற்றியிருக்கிறார். நடுவில் போன் அடித்திருக்கிறது. யாரோ ஒருவன் புது ரேசரைப் படம் போட்டிருக்கிறான். அவ்வளவுதான், ஐயா வெளியே போய்விட்டார்.

குளியலறைத் தரை எப்போதுமே ஓட்டையைப் பார்த்துத்தான் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் ரேக் மெதுவாக, ஏதோ வழி தெரிந்த மாதிரி உருண்டு போய்க் கதவை அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு சக்கரம் தடக்கென்று ஓட்டைக்குள் இறங்கியது. மறுபக்கம் தண்ணீர்த் தொட்டியில் முட்டிக்கொண்டது. கதவோ உள்பக்கம் திறக்கிற கதவு. இழுத்துப் பார்த்தேன். ஒரு சாண் திறந்து நின்றுவிட்டது.

"ஏங்க!"

வந்தார். சாண் இடைவெளியில் அவர் முகத்தில் பாதி தெரிந்தது. மழமழவென்று இருந்தது.

"ஐயையோ, எப்படிம்மா?"

"எப்படின்னு அப்புறம் பேசலாம். முதல்ல கதவைக் கழட்டுங்க."

"கீல் உன் பக்கம் இருக்கேம்மா. ரேக்கைக் கொஞ்சம் தூக்கிப் பாரு."

தூக்கிப் பார்த்தேன். ஐந்து தட்டு இரும்பும் கண்ணாடியும் பீங்கானும். என்னால் அசைக்கக்கூட முடியவில்லை.

"பதறாத. மேல் தட்டுலேர்ந்து ஒவ்வொண்ணா எடுத்து எங்கிட்டக் குடு. கனம் குறைஞ்சதும் தூக்கிடலாம். அந்த நீலக் கிண்ணம் மட்டும் பாத்து, அதோட ஜோடி கிடைக்காது."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. ஆனால் அப்போதே வாசலில் மணி அடித்துவிட்டது.

நிர்வாகி அம்மா. அவருடைய குரலைக் கேட்டதும் கறையைக் கசக்கினேன். சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சோப்பு நன்றாகவே வேலை செய்தது. எண்ணெய் போய்விட்டது. ஈரக் காலரைத் துண்டில் ஒற்றி, சட்டையை அந்தச் சாண் வழியாக நீட்டினேன். பிழைப்புக்காக நான் எத்தனையோ விதமாக நின்று பேசியிருக்கிறேன். குளியலறைக் கதவுக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் நீட்டிப் பேசியது அதுதான் முதல்தடவை.

"காலர் கொஞ்சம் ஈரமா இருக்குங்க. மன்னிச்சுக்கங்க."

"ஈரம் காஞ்சுடும், பரவாயில்ல." அவர் சட்டையைத் திருப்பிப் பார்க்கிற சத்தம் கேட்டது. தையலை விரலால் இழுத்துப் பார்த்திருப்பார். "வேலை நல்லா சுத்தமா இருக்கும்மா. எனக்குப் பிடிச்சிருக்கு. வாங்க, போகலாம்."

பிடிச்சிருக்கு என்ற அந்த வார்த்தையைக் கேட்டு ஈரத் தரையில் நின்றபடி நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம்தான் என் நிலைமை ஞாபகம் வந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க, கதவு மாட்டிக்கிச்சு."

"தெரியுது. என்ன அடைச்சிட்டிருக்கு?"

"ஒரு ரேக்குங்க."

"ரேக்குல என்ன?"

அந்த அம்மா சாண் இடைவெளியில் எட்டிப் பார்த்தார். அடுக்கடுக்காக டப்பாக்களும் பிரஷ்களும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"நீங்க கடை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் இவரிடம்.

"இல்லைங்க. சும்மா, சவரம் பண்றதுக்கு."

"எத்தனை பேரு?"

"நான் மட்டும்தாங்க."

கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தா அரை மணி நேரத்துல வெளிய வந்துடுவாங்க" என்றார் இவர்.

"அரை மணி நேரம் எனக்கு ஏதுங்க? பிள்ளைங்களை வரிசையில நிக்க வச்சுட்டு வந்திருக்கேன். இந்தாம்மா, அந்த ரேக்கை உங்க பக்கமா சாய்ச்சு விட்டுட்டு வந்துடுங்களேன். எல்லாம் சோப்பு டப்பாதானே?"

அது சுலபம். மேல் தட்டைப் பிடித்து என் பக்கம் இழுத்துவிட்டு, தொட்டிமேல் ஏறிக்கொண்டால் போதும். எல்லாம் கொட்டிவிடும். காலி ரேக்கை ஒரு கையால் நகர்த்தலாம். நான் தட்டைப் பிடித்தேன். இரும்பு ஜில்லென்று இருந்தது. பிடித்துக்கொண்டு நான் செய்த காரியம் இதுதான்:

"ஏங்க, சாய்ச்சிடவா?"

அவர் கதவிடுக்கில் வந்து நின்றார்.

"ஏங்க, உங்களைத்தான். சாய்ச்சிடவா?"

கதவிடுக்கில் அவருடைய ஒரு கண் தெரிந்தது. அது என்னைப் பார்க்கவில்லை. தட்டு தட்டாக மேலிருந்து கீழே இறங்கியது, பிறகு கீழிருந்து மேலே ஏறியது. கிடங்கில் இருப்புப் பார்க்கிறவர் பார்வை. எதைக் காப்பாற்றலாம், எது போனால் போகட்டும் என்று அவர் மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த நீலக் கிண்ணத்திடம் வந்தபோது கண் நின்றுவிட்டது.

ஹாரன் மறுபடி அடித்தது, இந்த முறை நீளமாக.

"சரிம்மா, தப்பா நினைக்காதீங்க" என்றார் நிர்வாகி அம்மா. குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "எதிர்ல ஒரு கடை பாத்தேன். அவரைக் கூட்டிட்டுப் போறேன். சட்டையை நாற்காலியில வச்சிருக்கேன்." செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் படியில் இறங்கியது.

"இருங்கம்மா! வந்துட்டேன்!" என்று நான் கத்தினேன். வாய்க்காரி இல்லையா, நன்றாகவே கத்தினேன். கத்திக்கொண்டே இருந்தேனே தவிர, என் கை அந்தத் தட்டை இழுக்கவில்லை.

தொட்டிமேல் ஏறி மேல் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளை வண்டி எதிர்க்கடை முன்னால் போய் நின்றது. அந்த அம்மா உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார். பின்னாலேயே தையற்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு, ஒரு கால் செருப்பை மாட்டிக்கொண்டே வந்து வண்டியில் ஏறினார். வண்டி தெரு முனையில் திரும்பியது.

அப்போது கதவுக்கு வெளியிலிருந்து இவர் குரல் வந்தது.

"சாய்ச்சிடும்மா. போனா போகுது."

நான் தொட்டிமேலிருந்து இறங்கவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய கோபம் வேறொன்று. நான் ஏன் அவரைக் கேட்டேன்? தட்டு என் கையில்தானே இருந்தது. வெளியே நின்ற மனுஷனால் என்னைத் தடுக்க முடியுமா, தொடக்கூட முடியாதே. இத்தனை வருஷமாக வீடே அதிரக் கத்தினேன், திட்டினேன், கிண்டல் செய்தேன். இந்த வீட்டில் என் இஷ்டப்படிதான் நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் எனக்கு இருந்தது வாய் மட்டும்தான். கை அவர் சரி என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. அது எப்போது அப்படி ஆனது என்று எனக்கே தெரியவில்லை.

"என்னம்மா, சாய்க்கலையா?"

"வேணாம்."

"ஏன்?"

"உடைஞ்சா திரும்ப வாங்குவீங்க."

மேல் தட்டிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாக எடுத்து அந்தச் சாண் இடைவெளியில் நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ரேசர், ரேசர், கிண்ணம், படிகாரக் கல், பிரிக்காத சோப்பு, பிரிக்காத சோப்பு, இன்னும் பிரிக்காத சோப்பு. நீலக் கிண்ணத்தை நீட்டும்போது அவருடைய விரல் என் விரலில் பட்டது. சில்லிட்டிருந்தது.

"வேற ஆர்டர் வரும்மா" என்றார் மெதுவாக. "உன் வேலைக்கு வராமலா போகும்? இந்த மாசத்துலேர்ந்து நான் ஒண்ணுகூட வாங்க மாட்டேன். நிஜமா."

"ம்."

"மெஷின் வாங்கிடலாம். அடுத்த மாசம்."

"பிரஷ்ஷைப் பிடிங்க" என்றேன்.

நான்கு தட்டு காலியானதும் ரேக் தூக்குகிற கனத்துக்கு வந்தது. சக்கரத்தை ஓட்டையிலிருந்து விடுவித்து, நகர்த்தி, கதவைத் திறந்து வெளியே வந்தேன். காலெல்லாம் ஊறிப் போயிருந்தது.

கூடத்தில் என் வெட்டு மேசை இருக்கிறது. வீட்டில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு மேசைதான். அதன்மேல் துணி விரித்து வைத்திருந்தேன். அவர் வாங்கியதை எல்லாம் அதன்மேல்தான் வைத்திருந்தார். சும்மா வைக்கவில்லை. ரேசர்கள் ஒரு வரிசை, பிரஷ்கள் ஒரு வரிசை, சோப்புகள் வந்த தேதிப்படி ஒரு வரிசை. ஓரம் முதல் ஓரம் வரை கத்தரிக்கோல் வைக்கக்கூட இடமில்லை. நாற்காலியில் சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. காலர் காய்ந்துவிட்டது, சொட்டுக் கறை இல்லை. அவருடைய சோப்பு வாசனை மட்டும் அடித்தது.

அவர் மேசையை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, அதோடு சேர்ந்து ஒரு நிம்மதியும் இருந்தது. எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்:

"ஒண்ணுகூட உடையலம்மா."

"ஆமாங்க" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரிக்குச் சாயங்காலத்துக்குள் தலையணை உறை வேண்டும். சோப்புகளுக்கு அடியிலிருந்து துணியை மெதுவாக, எதுவும் சாயாமல் உருவி எடுத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தேன்.